கொலாபா டிராம் டிப்போவிலிருந்து தாதர் டி.டி. வரை



மும்பை மாநகரில் வாழும் நம் மக்களில் 'தாதர் டி.டி.' என்ற பெயரைச் சொல்லாதவர் அரிது. மாட்டுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் குடியிருக்கும் குடும்பங்களில் அது அன்றாடச் சொல். "டி.டி.யில் இறங்கி நில்லுங்கள், வந்துவிடுகிறேன்" என்று எத்தனை முறை கூறியிருப்போம்! ஆனால் அந்த இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று உங்கள் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, "ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் டி.டி.ஆர். குடியிருந்த இடமாக இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் சரியான விடை தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

டி.டி. என்றால் டிராம் டெர்மினஸ், அதாவது டிராம் வண்டிகளின் கடைசி நிறுத்தம். மும்பையில் டிராம் ஓடுவது நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வண்டி போய்விட்டது, தண்டவாளமும் போய்விட்டது, பெயர் மட்டும் பேருந்து நடத்துநரின் வாயிலும் நம் வாயிலும் நிலைத்திருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அந்தப் பெயரின் வழியே பின்னோக்கி ஒரு பயணம் சென்று வருவோமா?

தொடங்கிய இடம்

பயணத்தை நகரின் தென்முனையிலிருந்து தொடங்குவோம். ரீகல் திரையரங்கு நாற்சந்தியில் இறங்கி, கொலாபா காஸ்வே என்னும் சாலையில் தெற்கு நோக்கி நடங்கள். இன்று அது ஷஹீத் பகத்சிங் சாலை. நடைபாதைக் கடைகளையும் பழைய உணவகங்களையும் கடந்து சென்றால், வலப்புறத்தில் 'எலெக்ட்ரிக் ஹவுஸ்' என்று அழைக்கப்படும் கட்டடத்தைக் காணலாம். அது பெஸ்ட் நிறுவனத்தின் இடம். அருகே சிவப்புப் பேருந்துகள் வருவதும் போவதுமாக இருக்கும். 'எலெக்ட்ரிக் ஹவுஸ்' என்பதே பேருந்து நிறுத்தத்தின் பெயரும்கூட.

நீங்கள் நிற்கும் இந்தச் சாலை ஒரு காலத்தில் கடல். மும்பை என்பது தனித்தனித் தீவுகளாக இருந்ததை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கொலாபாத் தீவை நகரோடு இணைக்கும் பாதை 1838-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. பாதை வந்த பின் பருத்தி வந்தது. 1844-இல் கொலாபாவில் பருத்திச் சந்தை உருவாயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அந்நாட்டின் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்ல முடியாமல் போனது. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பணம் வெள்ளம்போல் பாய்ந்தது.

அந்தச் செழிப்பான நாட்களில்தான், 1865-ஆம் ஆண்டில், ஒரு அமெரிக்க நிறுவனம் இந்நகரில் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி விட அனுமதி கேட்டது. அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பெருஞ்செல்வர்கள் பலர் ஒரே நாளில் கடனாளிகள் ஆயினர். டிராம் திட்டமும் காகிதத்தோடு நின்றது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1873-இல் பம்பாய் டிராம்வே நிறுவனம் தோன்றியது. ஸ்டேர்ன்ஸ் அண்டு கிட்டரெட்ஜ் என்ற நிறுவனம் அப்பணியை ஏற்றது. அதன் அலுவலகம் இன்று எலெக்ட்ரிக் ஹவுஸ் நிற்கும் இதே இடத்தில்தான் இருந்தது. இன்று டீசலும் மின்சாரமும் உலவும் இடத்தில் அன்று வைக்கோலும் குளம்பொலியும் இருந்தன என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவார்களா?

தொப்பி அணிந்த குதிரைகள்

1874-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் முதல் வண்டி ஓடியது. இரண்டு தடங்கள். ஒன்று, கொலாபாவிலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட் வழியாகப் பைதோணி வரை. மற்றொன்று, போரிபந்தரிலிருந்து கால்பாதேவி வழியாகப் பைதோணி வரை. தொடக்கத்தில் கட்டணம் மூன்று அணா. அக்காலத்துக் கூலிக்காரருக்கு அது பெருந்தொகை. பயணச்சீட்டு கிடையாது. மக்கள் விரும்பி ஏறத் தொடங்கியதும் கட்டணம் இரண்டு அணாவாகக் குறைந்தது. காசு கொடுக்காமல் பயணம் செய்வோரின் தொல்லை கூடியதால் அதே ஆண்டில் பயணச்சீட்டும் வந்தது. சீட்டில்லாப் பயணம் நம் காலத்தின் கண்டுபிடிப்பு அல்ல என்பதை இதிலிருந்து அறிகிறோம்!

அந்நிறுவனத்தின் லாயத்தில் சுமார் 900 குதிரைகள் இருந்தன என்று சொல்லப்படுகிறது. கரடுமுரடான சாலையில் ஒரு குதிரை இழுக்கக்கூடிய சுமையைவிடப் பன்மடங்கு சுமையை வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் அது இழுத்துவிடும். சக்கரத்துக்கும் இரும்புக்கும் இடையே உராய்வு குறைவு என்பதே காரணம். டிராமின் இரகசியம் முழுவதும் அந்த இரும்புப் பட்டையில்தான் இருந்தது.

ஆயினும் மேட்டிலும் வெயிலிலும் இழுத்தது குதிரைதான். பம்பாயின் கோடை வெயிலில் அவை மயங்கி விழாதபடி, அவற்றின் தலையில் தொப்பி அணிவித்தார்கள். காதுகள் மேலே நீட்டிக்கொண்டிருக்க, தொப்பியோடு குதிரைகள் வண்டி இழுத்துச் சென்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்களாகிய நமக்கோ வேறு எண்ணமும் எழும். உழைக்கும் உயிருக்கு நிழல் வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அது இரக்கமா, நட்டம் வரக்கூடாதே என்ற கணக்கா? இரண்டும் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும். பிழைப்பு தேடி இந்நகருக்கு வந்த எல்லோருக்கும் கிடைத்த நிழல் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

குதிரை போய் மின்சாரம் வந்தது

1905-ஆம் ஆண்டில் பம்பாய் எலெக்ட்ரிக் சப்ளை அண்டு டிராம்வேஸ் என்ற நிறுவனம் தோன்றியது. அதன் பெயரின் முதலெழுத்துகளே 'பெஸ்ட்'. பழைய டிராம் நிறுவனத்தின் உடைமைகளை அது விலைக்கு வாங்கியது. ஒரே நிறுவனம் வீடுகளுக்கு விளக்கும் கொடுத்தது. மக்களுக்கு வண்டியும் விட்டது. உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டிலும் பேருந்திலும் ஒரே பெயரைக் கண்டு வியந்திருக்கிறீர்களா? அதற்கான காரணம் இதுவே.

1907-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் முதல் மின்சார டிராம் ஓடியது. மேலே ஒரு கம்பி. வண்டியின் கூரையிலிருந்து அக்கம்பியைத் தொடும் ஒரு கழி. கம்பியிலிருந்து வந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றிவிட்டுத் தண்டவாளத்தின் வழியே திரும்பிச் சென்றது. இதில் தமிழராகிய நாம் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-ஆம் ஆண்டு, அதே மே 7-ஆம் நாள்! பம்பாய்க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நம் சென்னை அதைக் கண்டுவிட்டது.

கூட்டம் பெருகியதால் 1920-இல் இரட்டையடுக்கு டிராம்கள் வந்தன. 1926 ஜூலை 15 அன்று ஆப்கன் தேவாலயத்திலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட் வரை முதல் பேருந்து ஓடியது. பிற்காலத்தில் டிராமை ஓய்வுக்கு அனுப்பவிருந்த வண்டி அதுதான் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? 1947 ஆகஸ்ட் 7 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு நாட்கள் முன்பாக, நிறுவனம் மாநகராட்சியின் கைக்கு வந்தது.

வடக்கு நோக்கி

இப்போது கொலாபாவிலிருந்து பேருந்தில் ஏறி வடக்கே வாருங்கள். பழைய போரிபந்தரில்தான் விக்டோரியா டெர்மினஸ் நிற்கிறது. இன்று அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். அடுத்து கிராஃபோர்ட் மார்க்கெட். அதற்கப்பால் பைதோணி. 'கால் கழுவும் இடம்' என்பது அப்பெயரின் பொருள். தீவுகளுக்கு இடையே நீர் ஏறி இறங்கிய காலத்தில், சேற்றைக் கடந்து வந்தவர்கள் அங்கே கால் கழுவிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தார்கள். அங்கும் நீர் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. பிறகு பைகுலா, பரேல். ஆலைகளின் புகைபோக்கிகள் நின்ற பகுதி. அதற்கும் வடக்கே தாதர்.

தாதர் எவ்வாறு நகரமாயிற்று? 1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. காற்றும் ஒளியும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நகரின் வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலமான தெருக்களோடு புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. இந்து காலனி, பார்சி காலனி, மாட்டுங்காவின் மரநிழல் தெருக்கள் ஆகியவை எல்லாம் அத்திட்டத்தின் விளைவுகள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுத் தெற்கிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். 1932-இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்கு நம்மவர் தொகை பெருகியது. வீடு வடக்கே, வேலையோ தெற்கே கோட்டைப் பகுதியில். டிராம் இல்லாமல் அந்த வாழ்க்கை எப்படி நடந்திருக்கும்?

இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட முடியாது

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

என் தகப்பனார் 1957-ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி. ஒரு துண்டுக் காகிதம். பரேல் ஆலை ஒன்றில் வேலை செய்த அவருடைய தாய்மாமன் கடிதத்தில் எழுதியிருந்த வழி அதில் இருந்தது: 'போரிபந்தரில் ரயிலை விட்டு இறங்கு. தாதர் டிராமில் ஏறு. கடைசி வரை உட்கார்ந்திரு.' அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மராத்தி தெரியாது, இந்தி தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவார். நடத்துநரிடம் காகிதத்தைக் காட்டினார். அவர் ஏதோ சொன்னார். அதில் 'லாஸ்ட்' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. வண்டி மணியடித்துக்கொண்டு ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அப்பா பெட்டியை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். கடைசியில் எல்லோரும் இறங்கினார்கள், அவரும் இறங்கினார்.

மாமா அங்கே இல்லை. ஆலையில் மாலை வேலைக்கு ஆள் குறைந்ததால் அவரை நிறுத்திக்கொண்டார்கள். அப்பா பெட்டியின்மேல் அமர்ந்தார். நான்கு மணிக்கு அமர்ந்தவர் இரவு எட்டு வரை அங்கேயே இருந்தார். டிராம்கள் வந்தன, நின்றன, திரும்பிப் போயின. மாமா ஓடிவந்தபோது அப்பா அழும் நிலையில் இருந்தாராம். மாமா அவர் தோளைத் தொட்டுச் சொன்னார்: "டிராம் இதுக்கு மேல போவாதுல்லா, மருமவனே. நீயும் போயிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

இந்தக் கதையை அப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சிறு வயதில் அது வெறும் கதையாகத்தான் தோன்றியது. வயது ஏறிய பிறகே அதன் பொருள் விளங்கியது. மொழி தெரியாதவன், படிக்கத் தெரியாதவன், யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறவன் எவனும் தவறவிட முடியாத ஒரே நிறுத்தம் கடைசி நிறுத்தம். அதனால்தான் ஊரிலிருந்து வருகிறவனுக்கு மாமா அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தார். இப்படி எத்தனை தகரப் பெட்டிகள் அந்த வட்டத்தில் இறங்கியிருக்கும்! எத்தனை குடும்பங்களின் பம்பாய் வாழ்வு அங்கே தொடங்கியிருக்கும்!

1964 மார்ச் 31

நகரில் மோட்டார் வண்டிகள் பெருகின. டிராமோ சாலையின் நடுவே தன் தடத்தைவிட்டு விலக முடியாத வண்டி. முன்னே ஒரு கைவண்டி நின்றாலும் அதுவும் நிற்க வேண்டும். அது நின்றால் பின்னே வருவன அனைத்தும் நிற்க வேண்டும். பேருந்து வளைந்து செல்லும், தடத்தை மாற்றிக்கொள்ளும், புதிய புறநகருக்கும் போகும். எனவே டிராம் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக எஞ்சியது போரிபந்தர்-தாதர் தடம்.

1964 மார்ச் 31 இரவு பத்து மணியளவில் போரிபந்தரிலிருந்து கடைசி டிராம் புறப்பட்டது. வழியனுப்ப மக்கள் திரண்டார்கள். அப்பாவும் தாதரில் போய் நின்றார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. ஒரு சிறு பட்டறையில் நிலையான வேலை. மராத்தி சரளமாக வரும். "எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. நான் வந்து இறங்கிய இடத்தையே எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது" என்பார்.

எஞ்சியிருப்பவை

மும்பை மட்டும் இப்படிச் செய்யவில்லை. கான்பூரில் 1933-இலும், சென்னையில் 1953-இலும், டெல்லியில் 1963-இலும் டிராம்கள் நின்றன. கொல்கத்தா ஒன்றுதான் நெடுங்காலம் காத்தது. அங்கும் ஒரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றவற்றைக் கைவிடப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. தண்டவாளம் இல்லாத பேருந்துக்கும் காலம் வந்தது. மும்பையின் அடையாளமாக விளங்கிய பழைய டீசல் இரட்டையடுக்குப் பேருந்து 2023 செப்டம்பர் 15 அன்று கடைசியாக ஓடியது. அன்றும் மக்கள் திரண்டு மாலையிட்டு வழியனுப்பினார்கள். புதிய மின்சார இரட்டையடுக்குப் பேருந்துகள் அவ்வாண்டு தொடக்கத்திலேயே வந்துவிட்டன. குதிரைக்குப் பின் மின்சாரம், மின்சாரத்துக்குப் பின் டீசல், டீசலுக்குப் பின் மீண்டும் மின்சாரம்!

பழையவற்றைக் காண விரும்பினால், சயானுக்கு அருகே ஆணிக் பேருந்து டிப்போவில் பெஸ்ட் நிறுவனத்தின் அருங்காட்சியகம் 1993 முதல் இயங்கிவருகிறது. டிராம்களின் மாதிரிகளும் பழைய பயணச்சீட்டுக் கருவிகளும் அங்கே உள்ளன. திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மண்ணுக்கடியிலும் சில எஞ்சியிருக்கின்றன. ஃப்ளோரா நீரூற்றைச் சுற்றிச் சீரமைப்பு வேலை நடந்த 2017-18 ஆண்டுகளில், தோண்டிய இடத்தில் பழைய டிராம் தண்டவாளங்கள் வெளிப்பட்டன. நகரம் தன்னைச் சுமந்த இரும்பை முழுவதும் பெயர்த்தெடுக்கவில்லை. மேலே தார் ஊற்றி மூடிவிட்டிருந்தது.

நாம் யாருக்குக் கடைசி நிறுத்தம்?

பயணத்தின் முடிவில் தாதர் டி.டி.யில் இறங்குங்கள். இன்று அங்கே நிழலில் உட்கார்ந்து காத்திருக்கும்படியான இடம் எதுவும் இல்லை. நான்கு திசைகளிலிருந்தும் வண்டிகள் பாய்கின்றன. அந்த வட்டத்தருகே நின்று இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். ஆனால் எழுதத் தூண்டியது டிராம் அல்ல, என் குற்றவுணர்வு.

சில மாதங்களுக்கு முன் ஊரிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் வேலைக்காக வந்தான். வயது பத்தொன்பது. வருகிற நேரத்தைச் சொல்லி, "மாமா, நீங்க ஸ்டேஷனுக்கு வருவீங்களா?" என்று கேட்டான். எனக்கு அன்று வேலை மிகுதி. "செல்பேசியில் வழி போட்டுக்கொண்டு வந்துவிடப்பா, இப்போது எல்லாம் சுலபம்" என்றேன். ரயில் ஐந்து மணி நேரம் தாமதமாக வந்தது. அவனுடைய செல்பேசி வழியிலேயே அணைந்துவிட்டது. என் எண் அதற்குள்தான் இருந்தது, காகிதத்தில் இல்லை. தாதர் நிலையத்தின் நடைமேடையில் பையைத் தலைக்கு வைத்து அவன் விடியும்வரை இருந்தான். காலையில் யாரோ ஒருவர் செல்பேசிக்கு மின்னேற்ற உதவிய பிறகே அழைத்தான். குரலில் கோபம் இல்லை. "பரவாயில்ல மாமா" என்றான். அந்தப் 'பரவாயில்ல' இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

தாய்மாமன் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் நான்கு மணி நேரம் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தவரின் மகன் நான். அந்த மாமா தாமதித்தாலும் ஓடிவந்தார். நானோ, அவர் காத்திருந்த இடத்திலிருந்து நடக்கும் தொலைவில் ஒருவன் காத்திருந்தும், போகவில்லை.

அன்பான வாசகரே, வண்டிகள் மாறும். டிப்போக்கள் வேறு கட்டடங்களாகும். அதைத் தடுக்க நம்மால் இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஊரிலிருந்து புதிதாக வரும் ஒருவனுக்கு, தவறவிடவே முடியாத ஓர் இடம் இந்நகரில் இன்றும் தேவைப்படுகிறது. டிராம் அந்த இடத்தைக் கொடுத்துவந்தது. இனி அதைக் கொடுக்க வேண்டியவர்கள் முன்பே வந்து நிலைபெற்ற நாம்தான்.

அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது "வரட்டுமா?" என்று கேட்டால், வழி சொல்லாதீர்கள், போய் நில்லுங்கள். உங்கள் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழைத்து வரும் வழியில் தாதர் டி.டி. வந்தால், அந்த இரண்டு எழுத்துகளின் பொருளையும் சொல்லிக்கொடுங்கள். நாளை அவனும் இன்னொருவனுக்காக நிலையத்தில் போய் நிற்பான்.

என் உறவுக்காரப் பையன் இப்போது எங்கள் வீட்டுக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். போன மாதம் அவனுடைய தம்பி வந்தான். ரயில் அதிகாலை நான்கு மணிக்கு. நாங்கள் இருவரும் மூன்றரைக்கே போய் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தோம்.